சிபில் படங்கள்: அச்சும் தூரிகையும் (கேள்வி பதில்)

17ஆம் நூற்றாண்டில் செப்புத்தகட்டில் செதுக்கித் தாளில் அச்சடித்த சிபில் படங்கள், அவற்றைப் பார்த்துக் கையால் தீட்டிய பிரதிகள் பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: சார், சிபில் என்பவர் ஒருவரா, பலரா?

பலர். கிரேக்க, ரோமானிய உலகில் அருள் வந்து குறி சொன்ன பெண்களின் பொதுப்பெயர் அது. ரோம அறிஞர் வார்ரோ பத்துப் பேரைப் பட்டியலிட்டார். கூமே, டெல்ஃபி, லிபியா, பாரசீகம், சாமோஸ் என்று ஊர்ப்பெயரை வைத்துத்தான் ஆளை அழைப்பார்கள். கிறிஸ்துவின் வருகையை இவர்கள் முன்பே சொல்லிவிட்டதாகத் திருச்சபையினர் நம்பியதால் தேவாலயச் சுவர்களிலும் இடம் கிடைத்தது. 15ஆம் நூற்றாண்டில் யூரோப்பா, அக்ரிப்பா என்று இருவரைச் சேர்த்துக் கணக்கைப் பன்னிரண்டாக்கினார்கள். இயேசுவின் திருத்தூதர்களும் பன்னிரண்டு பேர் அல்லவா, ஜோடி சேர்க்க வசதி!

கேள்வி: என்னிடம் உள்ள படத்தில் ஒரு பெண் துண்டான கை ஒன்றை ஏந்தி நிற்கிறாள். வீட்டில் மாட்டவே யோசனையாக இருக்கிறது.

அவள் திபுர் ஊர் சிபில். இயேசுவை விசாரித்தபோது கன்னத்தில் அறைந்த கை அது. தொட்டிலோடு இருந்தால் சாமோஸ், விளக்கோடு இருந்தால் பாரசீகம், வாளோடு இருந்தால் யூரோப்பா (ஏரோது மன்னன் குழந்தைகளைக் கொன்றதன் அடையாளம்) என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் படவரிசைக்குப் படவரிசை பொருள்கள் ஆள் மாறும். படத்தின் அடியில் பெயர் அச்சாகியிருந்தால் அதையே நம்புங்கள்.

குவெர்ச்சீனோ போன்ற இத்தாலிய ஓவியர்கள் இந்தப் பொருள்களைப் பெரும்பாலும் கைவிட்டார்கள். தலைப்பாகை, புத்தகம், யோசனையில் ஆழ்ந்த முகம், அவ்வளவுதான். 1651இல் அவர் ஒரு வாடிக்கையாளருக்காகத் தாவீது அரசன் படத்துக்கு ஜோடியாகக் கூமே சிபிலைத் தீட்டினார். மெடிச்சி குடும்பத்து இளவரசர் ஒருவர் அதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டார். குவெர்ச்சீனோ அலட்டிக்கொள்ளவில்லை. அந்த இடத்துக்கு சாமோஸ் சிபிலைத் தீட்டிக் கொடுத்துவிட்டார். இரண்டு சிபில்களும் இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறார்கள்.

கேள்வி: நான் வாங்கிய எண்ணெய் வண்ணப் பிரதியில் சிபில் அசல் ஓவியத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறாள். தீட்டியவர் தவறு செய்துவிட்டாரா?

இல்லை. உங்கள் பிரதி எந்த வழியாக வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அசலைப் பார்த்துத் தகட்டில் அப்படியே செதுக்கினால், தாளில் அழுத்தியதும் இடம் வலமாகிவிடும். அசலை நேரில் பார்க்காமல் அச்சுப்படத்தை வைத்துத் தீட்டியவர் அந்தத் திருப்பத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்வார். திரும்பாமல் இருந்தால் மட்டும் அசலைப் பார்த்தார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சில செதுக்குநர்கள் கண்ணாடி வைத்துப் பார்த்து, தகட்டிலேயே இடவலம் மாற்றிச் செதுக்குவார்கள்.

கேள்வி: அச்சு கறுப்பு வெள்ளை. அப்படியென்றால் பிரதிக்கு நிறம் எங்கிருந்து வந்தது?

தீட்டியவரின் மனதிலிருந்து! எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடமே இதுதான். பாரிஸில் 1630களில் க்ளோத் வின்யோன் வரைந்த சிபில்களை ழீல் ரூஸ்லே, ஆபிரகாம் போஸ் ஆகிய இருவர் செதுக்கினார்கள். இப்படிப்பட்ட வரிசைகளைப் பார்த்துத் தீட்டியவருக்குக் கிடைத்தது கோடுகள் மட்டுமே. பட்டுச் சேலை போல மடிந்து விழும் மேலங்கியின் ஒவ்வொரு மடிப்பும் அச்சில் இருக்கும், அது சிவப்பா நீலமா என்பது இருக்காது. அதனால் ஒரே அச்சிலிருந்து பிறந்த இரண்டு பிரதிகள் நிறத்தில் முற்றிலும் வேறாக இருக்கலாம். ஸ்பானிய ஆட்சியின்போது பெரு, மெக்சிகோ ஓவியர்களுக்குக் கப்பலில் வந்த ஐரோப்பிய அச்சுகள்தான் பெரும்பாலும் மாதிரி. அந்த ஓவியங்களையும் மூல அச்சுகளையும் அருகருகே வைத்துக் காட்டும் பெஸ்கா என்ற இணையத் திட்டம் ஒன்று இருக்கிறது. உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது.

கேள்வி: ‘கையால் தீட்டியது’ என்று விற்கிறார்களே, நம்பலாமா?

பூதக்கண்ணாடி எடுங்கள். முகத்தில் சின்னச் சின்ன நிறப்புள்ளிகள் தெரிந்தால் அது இயந்திர அச்சு. மேலே நிறமில்லாத பசையைத் தூரிகையால் பூசி மேடுபள்ளம் காட்டுவது பழைய தந்திரம். அந்தத் தூரிகைத் தடம் படத்திலுள்ள மூக்கு, மடிப்பு எதையும் பின்பற்றாமல் தன் போக்கில் ஓடும். ஓவியப் பிரதிகளுக்குப் பெயர்போன, சீனாவின் ஷென்ஜென் நகரத்து டாஃபென் பகுதியிலிருந்து வருபவை பல உண்மையிலேயே கையால் தீட்டியவை. தரம் ஆளுக்கு ஆள் மாறும். முதலில் விரல்களைப் பாருங்கள். அவசரக்காரர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

கேள்வி: அச்சுப்படம் பழையதுதானா என்று எப்படித் தெரியும்?

படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் இருக்கிறதா பாருங்கள். ஓரத்தை வெட்டியிருந்தால் இருக்காது. தாளை வெளிச்சத்தில் பிடித்தால், கையால் செய்த பழைய தாளில் நெருக்கமான கோடுகளும் அவற்றுக்குக் குறுக்கே இடைவெளி விட்ட கோடுகளும் தெரியும். பள்ளம் இருப்பதால் மட்டும் பழையது என்று சொல்ல முடியாது. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தின் பிரிவு ஒன்றில் உள்ள பழைய தகடுகளிலிருந்து இன்றும் புது அச்சு எடுக்கிறார்கள். அதை மறைக்காமல் சொல்லியே விற்கிறார்கள், குற்றமில்லை.

கேள்வி: அச்சின் மேலேயே வண்ணம் பூசியிருந்தால் விலை கூடுமா அண்ணா?

நிலப்படம், தாவரப் படம் என்றால் கூடலாம். சிபில் போன்ற உருவப் படங்களைப் பெரும்பாலும் கறுப்பு மையோடுதான் விற்றார்கள். அதனால் பளிச்சென்ற வண்ணம் பிற்கால வியாபாரியின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். பச்சை நிறத்துக்கு நேர் பின்பக்கம் பாருங்கள். செம்பிலிருந்து எடுத்த பழைய பச்சை, காலப்போக்கில் தாளை அரித்துப் பின்னால் பழுப்புக் கறையாகத் தெரியும். கறை இல்லாவிட்டால் வண்ணத்துக்கென்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.