60 லென்த்தும் முதல் 4 லென்த்தும்: நெடுந்தூர நீச்சல் கேள்வி-பதில்

வெயில் ஏறினாலே நீச்சல் கடிதங்களும் ஏறிவிடும். இந்த முறை பாதிக்கு மேல் 1500 மீட்டரைப் பற்றியவை. குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு லென்த்; 25 மீட்டர் குளத்தில் 1500 என்றால் 60 லென்த்.

சத்துவாச்சாரி வாசகர்: ஒரு மணி நேரத்தில் 70 லென்த் போகிறேன். இது நல்ல வேகமா?

குளத்தின் நீளம் எத்தனை மீட்டர்? அதை எழுதாமல் வேகத்தைக் கேட்டால் நான் எப்படிச் சொல்வது? 25 மீட்டர் என்றால் 1750 மீட்டர், 100-க்கு மூன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. நிதானமான, நல்ல வேகம். ஹோட்டல், அபார்ட்மென்ட் குளங்கள் 15 மீட்டர்கூட இருக்கும்; அப்படியானால் ஆயிரத்துச் சொச்சம்தான். டேப் வைத்து அளந்து பாருங்கள். குளத்தின் நீளம், மொத்த நேரம், நடுவில் சுவரைப் பிடித்து நின்ற நேரம், இந்த மூன்றும் இல்லாமல் தயவுசெய்து எழுதாதீர்கள்.

குடியாத்தம் வாசகர்: சின்ன வயதிலிருந்து விவசாயக் கிணற்றில் நீந்தியவன். குளத்தில் 200 மீட்டரிலேயே களைத்துவிடுகிறேனே, ஏன்?

கிணற்றில் தலையைத் தூக்கிக்கொண்டு நீந்திப் பழகியிருப்பீர்கள். தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே இறங்கும். அந்தக் காலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறீர்கள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துத் தரையைப் பாருங்கள். மூச்சைத் தண்ணீருக்குள்ளேயே விட்டு முடித்துவிடுங்கள், தலையைத் திருப்பும்போது இழுக்க மட்டும்தான் நேரம் இருக்கும். தண்ணீர் பயம் இல்லாதது உங்களுக்குப் பெரிய பலம், மற்றது ஒரு மாதத்தில் சரியாகும்.

ராணிப்பேட்டை வாசகர்: முதல் 100 மீட்டரை 1 நிமிடம் 50 விநாடியில் முடிக்கிறேன். 400 தாண்டினால் கை கனத்து, மூச்சு வாங்கி நின்றுவிடுகிறேன். ஸ்டாமினா கூட என்ன சாப்பிடலாம்?

சாப்பாட்டில் குறை இல்லை. அந்த முதல் 100-தான் குறை. இதே கேள்வி ஊர் மாற்றி ஊர் வந்துகொண்டே இருக்கிறது. எல்லோரும் புரோட்டீன் பவுடர் கேட்கிறார்கள், ஒவ்வொரு நூறையும் எத்தனை விநாடியில் போனோம் என்று ஒருவரும் குறித்துவைப்பதில்லை.

குளத்தின் ஓரமாக நின்று, வேகமாகக் கிளம்பும் ஒருவரைக் கவனியுங்கள். முதல் லென்த்தில் காலுக்குப் பின்னால் நுரை பறக்கும், 25 மீட்டருக்கு 20 கை போடுவார். எட்டாவது லென்த்தில் முழங்கை சரிந்து, அதே தூரத்துக்கு 26 கை ஆகும். உழைப்பு கூடிவிட்டது, வேகம் குறைந்துவிட்டது. மூச்சும் இதயத்துடிப்பும் வேலைக்கு ஏற்ற அளவுக்கு ஏறிவர ஓரிரு நிமிடம் பிடிக்கும். அதுவரை எந்த வேகமும் சுலபமாகத்தான் தெரியும். அதை நம்பித்தான் எல்லோரும் மோசம் போகிறார்கள்.

ஒரு நாள் நன்றாக வார்ம்-அப் செய்துவிட்டு 400 மீட்டரை முழு முயற்சியில் நீந்துங்கள். பத்து நிமிட ஓய்வு, அப்புறம் 200. உதாரணமாக 400-க்கு 9:20, 200-க்கு 4:20 ஆனால் வித்தியாசம் 5 நிமிடம். அதில் பாதி, 2:30. நெடுந்தூரத்தில் நீங்கள் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகத்துக்கு, 100 மீட்டருக்கு அதுதான் எல்லை. 1500-ஐ அதைவிட 5 விநாடி மெதுவாக, 2:35-இல் போங்கள். மொத்தம் 39 நிமிடம். முதல் 200 மட்டும் இன்னும் மெதுவாக, 2:40. போர் அடிக்கிற மாதிரி இருக்க வேண்டும், அப்போதுதான் சரியாகப் போகிறீர்கள் என்று அர்த்தம்.

டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அமெரிக்க நீச்சல் வீரர் பாபி ஃபிங்க் 800, 1500 இரண்டிலும் கடைசி 50 மீட்டரில்தான் மற்றவர்களைத் தாண்டித் தங்கம் வாங்கினார். 2024 பாரிஸில் அவர் படைத்த 1500 உலக சாதனை 14:30.67. சராசரி பார்த்தால் 100-க்கு 58 விநாடி. ஒற்றை 100 என்றால் அவர் அதைவிட வேகமாகவே போவார், ஆனால் 1500 முழுக்க அந்த வேகத்தில் போக அவராலும் முடியாது. இங்கே சில பயிற்சியாளர்கள், 1500-க்குத் தயாராகும் நடுத்தர வயதுக்காரரையும் முதல் லென்த்திலேயே விசில் ஊதி விரட்டுகிறார்கள். 50 மீட்டர் போட்டிப் பிள்ளைகளுக்கான பழக்கம் அது. அப்படி விரட்டப்பட்டு, "எனக்கு வயசாகிவிட்டது" என்று குளத்தை விட்டே போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வயதாகவில்லை, ஆரம்ப வேகம்தான் தப்பு.

காட்பாடி வாசகி: பெண்கள் பேட்ச் ஒரு மணி நேரம்தான், கூட்டமும் இருக்கும். 1500 முடியுமா?

தாராளமாக. 100-க்கு 3 நிமிடம் என்றாலும் 45 நிமிடம்தான். பேட்ச் தொடங்கிய உடனே இறங்கி, ஓர லேனைப் பிடியுங்கள். முன்னால் மெதுவாகப் போகிறவரை நடுவில் தாண்டப் பார்க்காதீர்கள், ஒரு முந்தலுக்கு இரண்டு லென்த்தின் மூச்சு போகும். சுவரில் கேட்டுவிட்டு முன்னால் போங்கள். எண்ணிக்கை தவறுகிறது என்றால் அறுபது வரை எண்ண வேண்டாம். நாலு லென்த் ஒரு நூறு, பதினைந்து நூறு.

ஆற்காடு வாசகர்: மே மாதத்தில் காலையா, மாலையா?

காலைதான். நம் பக்கம் 40 டிகிரி தாண்டும் நாட்களில் திறந்தவெளிக் குளம் நாளெல்லாம் சூட்டை வாங்கி, மாலையில் வெதுவெதுப்பாக இருக்கும். போட்டிக் குளத்துக்கே 25 முதல் 28 டிகிரிதான் கணக்கு. 30-ஐத் தாண்டினால் 100-க்கு ஐந்தாறு விநாடி விட்டுக்கொடுங்கள். தண்ணீருக்குள்ளும் வியர்க்கும், சுவரோரம் பாட்டில் வையுங்கள். தலை சுற்றினால் உடனே ஏறிவிடுங்கள்.

ஆம்பூர் வாசகர்: மூச்சை அடக்கி நீருக்கடியில் ஒரு லென்த் போகும் பயிற்சி 1500-க்கு உதவுமா?

வேண்டவே வேண்டாம். வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டு மூழ்கினால் உடம்பில் கார்பன் டை ஆக்சைடு குறைந்திருக்கும். மூச்சு முட்டுவதே தெரியாமல் நினைவு தப்பும். நன்றாக நீந்துபவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். 1500-க்குத் தேவை மூச்சை விடும் பழக்கம், அடக்கும் பழக்கம் அல்ல. லைஃப்கார்டு இல்லாத நேரத்தில் யாரும் தனியாக இறங்காதீர்கள்.

திருப்பத்தூர் வாசகர்: காலை எவ்வளவு வேகமாக அடிப்பது?

மெதுவாக. ஒரு கைக்கு ஒரு உதை போதும். தொடைத் தசை பெரியது, ஆக்சிஜனை அதுதான் அதிகம் தின்னும். கடைசி 100-இல் மிச்சம் இருந்தால் அடித்துக்கொள்ளுங்கள்.