வாசகர் கேள்வி பதில்: பூர்வகுடி மக்களின் உடல்நலமும் உரிமையும்

கேள்வி: ஆஸ்திரேலியா, கனடா போன்ற செல்வ நாடுகளிலும் பூர்வகுடி மக்களின் சராசரி ஆயுள் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருக்கிறது என்று படித்தேன். அங்கே மருத்துவமனைக்கோ மருந்துக்கோ பஞ்சம் இல்லையே! பண்பாட்டை இழந்ததும் ஒரு காரணம் என்கிறார்கள். பண்பாட்டுக்கும் உடல்நலத்துக்கும் என்ன தொடர்பு?

பதில்: நாட்டில் மருத்துவமனை இருப்பது வேறு, நோயாளி தன் வாழ்க்கையைத் துறக்காமல் அங்கே சிகிச்சை பெற முடிவது வேறு. ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாலைவனத்தில், பின்டுபி மக்கள் வாழும் கின்டோர் என்ற சிற்றூரை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வழக்கமாக வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் வேண்டும். அதற்கான வசதியோ 500 கிலோமீட்டருக்கும் அப்பால், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்தில்தான் இருந்தது. ஆகவே நோய் வந்த முதியவர் ஊரையும் உறவையும் விட்டுவிட்டு, தன் மொழி பேசாத நகரத்தில் காலம் முழுவதும் தங்க வேண்டியிருந்தது. சடங்குகளையும் பாட்டுகளையும் நிலத்தின் கதைகளையும் அறிந்தவர்கள் அந்த முதியவர்களே என்பதால், அவர்கள் போனதும் ஊரில் இருந்த இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போயிற்று. சிகிச்சையே வேண்டாம், சொந்த மண்ணில் உயிர் போகட்டும் என்று திரும்பி வந்தவர்களும் உண்டு.

அந்த மக்கள் பிறர் உதவிக்காகக் காத்திருக்கவில்லை. கின்டோர், கிவிர்குரா ஊர்களின் ஓவியர்கள் பெரிய ஓவியங்களைக் கூட்டாக வரைந்து, 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஏலம் விட்டார்கள். பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் திரண்ட நிதியை அடிப்படையாகக் கொண்டு, 2004இல் கின்டோரிலேயே டயாலிசிஸ் தொடங்கப்பட்டது. ‘பர்ப்பிள் ஹவுஸ்’ என்று இன்று அழைக்கப்படும் அந்த அமைப்பைப் பூர்வகுடி மக்களே நிர்வகிக்கிறார்கள். பல சிற்றூர்களுக்கு அது பரவியிருக்கிறது. துக்கத்துக்கும் சடங்குக்கும் நோயாளிகள் ஊர் போய்வர முடியும்படி, டயாலிசிஸ் இயந்திரம் பொருத்திய வண்டி ஒன்றும் ஓடுகிறது. ஒரு காலத்தில் டயாலிசிஸ் நோயாளிகள் மிகக் குறைந்த காலமே உயிர் வாழ்ந்த பகுதியாக இருந்த மத்திய ஆஸ்திரேலியா, பின்னர் அந்த நாட்டிலேயே நல்ல நிலையில் உள்ள பகுதிகளில் ஒன்றாக மாறியது. இயந்திரம் அதேதான். அது எங்கே இருக்க வேண்டும், யார் நடத்த வேண்டும் என்ற முடிவு அந்த மக்களின் கைக்கு வந்ததுதான் மாற்றம்.

இதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஏறத்தாழ 200 பூர்வகுடிச் சமூகங்களை ஆராய்ந்த சாண்ட்லர், லலோண்ட் என்ற உளவியலாளர்கள், 1998இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். பூர்வகுடி இளைஞர்களிடையே தற்கொலை மிகுதி என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், அவர்கள் ஆராய்ந்த ஐந்து ஆண்டுகளில் பாதிக்கும் மேற்பட்ட சமூகங்களில் ஒரு தற்கொலைகூட நிகழவில்லை. பெரும்பாலானவை மிகச் சில சமூகங்களில் குவிந்திருந்தன. தன்னாட்சி, நில உரிமைக்கான முயற்சி, கல்வி, மருத்துவம், காவல் மற்றும் தீயணைப்பு ஆகியவற்றின் மீதான கட்டுப்பாடு, பண்பாட்டுக் கூடம் என்ற ஆறு கூறுகளும் அமைந்திருந்த சமூகங்களில் அந்தக் காலத்தில் இளைஞர் தற்கொலையே இல்லை. இவற்றுள் பண்பாட்டுக் கூடம் ஒன்றுதான் நாம் வழக்கமாகப் ‘பண்பாடு’ என்று சொல்வது; மற்ற ஐந்தும் அதிகாரம் பற்றியவை. எனவே பண்பாட்டை நடனம், உடை, விழா என்று சுருக்கிக்கொண்டு, அதை ஊக்குவித்தாலே நலம் பெருகும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

கேள்வி: பண்பாட்டைக் காக்கிறோம் என்ற பெயரில், அவர்களை நவீனக் கல்வியிலிருந்து ஒதுக்கி வைப்பதாக ஆகிவிடாதா?

பதில்: ‘முன்னேற்றம்’ என்ற பெயரில் என்ன நடந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கனடாவில் 19ஆம் நூற்றாண்டு முதல் 1990கள் வரை இயங்கிய உறைவிடப் பள்ளிகளில், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பூர்வகுடிக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சேர்க்கப்பட்டார்கள். தாய்மொழியில் பேசியதற்காக அவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பவே இல்லை. இந்தப் பள்ளிகளின் வரலாற்றை விசாரித்த கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் இதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றே பதிவு செய்தது. பெற்றோரின் அரவணைப்பை அறியாமல் வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளை வளர்க்கத் தடுமாறினார்கள். அந்த வடு அடுத்த தலைமுறைக்கும் இறங்கியது.

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் வேறு பாதையைக் காட்டினார்கள். தங்கள் மொழி அழிந்துவிடும் நிலையில், 1982இல் ‘கோஹங்கா ரேயோ’ என்ற மழலையர் பள்ளிகளைத் தொடங்கினார்கள். தாத்தா பாட்டிகள் குழந்தைகளோடு மாவோரி மொழியிலேயே பேசி, பாடி, விளையாடினார்கள். ஐந்தாண்டுகளில், 1987இல், மாவோரி ஆட்சிமொழியாயிற்று. மாவோரி மருத்துவர் மேசன் டியூரி, உடல், மனம், ஆன்மிகம், குடும்பம் ஆகிய நான்கு சுவர்கள் கொண்ட வீடாக நலத்தை விளக்கினார். ஒரு சுவர் சரிந்தாலும் வீடு நிற்காது என்பது அவர் கருத்து. நியூசிலாந்தின் பள்ளிகளிலும் மருத்துவத் துறையிலும் அந்த விளக்கம் இன்று பயன்படுகிறது. நவீனக் கல்வியை மாவோரி மக்கள் மறுக்கவில்லை. தாய்மொழியை விலையாகக் கேட்கும் கல்வியைத்தான் மறுத்தார்கள்.

கேள்வி: அரசுகள்தான் மன்னிப்புக் கேட்டுவிட்டனவே, இன்னும் என்ன எதிர்பார்க்கிறார்கள்?

பதில்: ஆஸ்திரேலியப் பிரதமர் 2008 பிப்ரவரியிலும், கனடியப் பிரதமர் அதே ஆண்டு ஜூனிலும், பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்ததற்காக நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். பிள்ளைப் பருவத்தைப் பறிகொடுத்த முதியவர்கள் அந்தச் சொற்களைக் கண்ணீரோடு கேட்டார்கள். அதன் மதிப்பை நான் சிறிதும் குறைக்க மாட்டேன். அவர்கள் கேட்பது அதற்கு அடுத்த படி. ஐ.நா. பொதுச்சபை 2007 செப்டம்பரில் பூர்வகுடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை ஏற்றபோது 144 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை நான்கே: ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா. பின்னர் நான்கும் மனம் மாறின. தங்களையும் தங்கள் நிலத்தையும் பாதிக்கும் திட்டங்களில், வற்புறுத்தல் இன்றி, முன்கூட்டியே, முழு விவரம் அறிந்து தரும் ஒப்புதல் வேண்டும் என்பது அந்தப் பிரகடனத்தின் உயிர்நாடி. சுரங்கமும் அணையும் வரும்போது இந்த ஒப்புதலைக் கேட்கிறார்களா, அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போகிறார்களா என்பதில்தான் மன்னிப்பின் நேர்மை தெரியும். நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் பூர்வகுடிக் குரல் ஒன்றை அரசியலமைப்பில் சேர்க்கும் யோசனையை, 2023 அக்டோபரில் ஆஸ்திரேலிய வாக்காளர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் நிராகரித்தது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தந்த செய்தி.

கேள்வி: நான் செவிலியர் படிப்பு மாணவி. இத்தகைய சமூகங்களில் பணியாற்ற விரும்புபவர் எதைக் கற்க வேண்டும்?

பதில்: கனடிய ஆணையம் முன்வைத்த 94 பரிந்துரைகளில் 24ஆவது உங்களுக்கானது. மருத்துவ, செவிலியர் மாணவர் அனைவரும் உறைவிடப் பள்ளிகளின் வரலாறு, ஐ.நா. பிரகடனம், பூர்வகுடி மக்களின் உரிமைகள், அவர்களின் அறிவு மரபு ஆகியவற்றைப் பாடமாகவே படிக்க வேண்டும் என்கிறது அது. அத்தோடு, நீங்கள் சேரும் மருத்துவ நிலையத்தின் நிர்வாகக் குழுவில் அந்தச் சமூகத்தவர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் முதல் வாரத்திலேயே விசாரியுங்கள்.