நியூஸ்குரூப் சர்வரில் உள்ள பழைய பதிவுகளைக் கமாண்ட் லைனிலேயே தேட முடியுமா?

முடியும். நியூஸ்குரூப் என்பது இணையத்தில் பலரும் பதிவுகள் எழுதிப் படிக்கும் விவாதக் குழு. அதில் தேடத் தனி மென்பொருள் வேண்டாம், டெல்நெட் (வேறு கணினியோடு எழுத்து வரிகளில் பேச உதவும் சிறு நிரல்) போதும். நியூஸ் சர்வர்கள் பேசும் என்என்டிபி நெறிமுறை 1986-இல் வந்தது. 2006-இல் அதைப் புதுப்பித்தார்கள். அதன் கட்டளைகள் எல்லாம் சாதாரண எழுத்து வரிகள். கையால் தட்டியே சர்வரோடு பேசலாம். (கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.)

சர்வர் பெயரும் போர்ட் 119-உம் (சர்வரின் இணைப்பு வாசல் எண்) கொடுத்து இணையுங்கள். 200 என்று பதில் வந்தால் படிக்கலாம், எழுதலாம். 201 என்றால் படிக்க மட்டும். 480 வந்தால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. அப்போது 119-ஐ விட்டுவிட்டு, ஓப்பன்எஸ்எஸ்எல் (இணைப்பை மறைகுறியாக்கும் கருவி) மூலம் போர்ட் 563-க்குப் போங்கள். இல்லையென்றால் கடவுச்சொல் மறைக்கப்படாமலே போகும்.

அப்புறம் 'குரூப்' என்று அடித்து, குழுவின் பெயரைக் கொடுங்கள். 211-க்குப் பின்னால் மூன்று எண்கள் வரும்: எத்தனை பதிவுகள் (இது தோராயம்தான்), முதல் எண், கடைசி எண். நடுவில் சில எண்கள் இல்லாமல் போயிருக்கும். அவை நீக்கப்பட்டவை அல்லது காலாவதியானவை.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: பதிவின் உள்ளே இருக்கும் சொற்களைத் தேடித் தர இந்த நெறிமுறையில் கட்டளையே இல்லை. பதிவின் மேலே இருக்கும் தலைப்புப் பகுதி விவரங்களில்தான் தேட முடியும். அதற்கு 'ஓவர்' கட்டளை (பழைய சர்வரில் 'எக்ஸ்ஓவர்'). 5000-5200 என்று எண் வரம்பு கொடுத்தால், பதிவுக்கு ஒரு வரியாக எண், தலைப்பு, எழுதியவர், தேதி, மெசேஜ் ஐடி (பதிவின் தனி அடையாளம்) எல்லாம் வந்துவிடும். தனிப் புள்ளி மட்டும் உள்ள வரி வந்தால் பட்டியல் முடிந்தது. வெளியீட்டை 'டீ' (திரையில் வருவதைக் கோப்பிலும் எழுதும் கட்டளை) வழியாக ஒரு கோப்பில் சேமித்து 'கிரெப்' (கோப்பில் சொல் தேடும் கட்டளை) போடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. சில சர்வர்களில் 'எக்ஸ்பேட்' இருக்கும். 'சப்ஜெக்ட்', எண் வரம்பு, நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே தேடும் சொல் என்று கொடுத்தால் சர்வரே சலித்துத் தரும்.

கிடைத்த பதிவின் எண்ணைக் குறித்து வைக்காதீர்கள், மெசேஜ் ஐடியைக் குறித்து வையுங்கள். அதே பதிவுக்கு ஒவ்வொரு சர்வரிலும் வேறு எண் இருக்கும். மெசேஜ் ஐடி மட்டும் உலகம் முழுக்க ஒன்றுதான். 'ஆர்ட்டிக்கிள்' என்று அடித்து, கோண அடைப்புக்குறியோடு ஐடியைக் கொடுத்தால், குழுவைத் தேர்ந்தெடுக்காமலே முழுப் பதிவும் வரும். 430 வந்தால் அந்த சர்வரில் அது இல்லை, அடுத்த சர்வரில் அதே ஐடியோடு கேளுங்கள். தலைப்புப் பகுதி மட்டும் போதுமென்றால் 'ஹெட்'.

சர்வரே உங்களுடையதா? அதில் ஓடுவது ஐஎன்என் (நியூஸ் சர்வர் மென்பொருள்) என்றால் வேலை இன்னும் சுலபம். 'கிரெப்ஹிஸ்டரி'க்கு மெசேஜ் ஐடியைக் கொடுத்தால் ஒரு டோக்கன் (பதிவு சேமிக்கப்பட்ட இடத்தைக் காட்டும் குறியீடு) தரும். அதை 'எஸ்எம்' கட்டளையிடம் கொடுத்தால் பதிவு வெளியே வரும்.

லினக்ஸ் பற்றிய முதல் அறிவிப்பை லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25-இல் வெளியிட்டது ஒரு நியூஸ்குரூப்பில்தான். அப்படிப்பட்ட நியூஸ்குரூப்களின் புதிய பதிவுகளைக் காட்டுவதைக் கூகுள் குரூப்ஸ் இணையதளம் 2024 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. அதனால் இந்தக் கட்டளைகளைக் கற்றுக்கொள்வது வீண் வேலை இல்லை. பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதை அந்தந்த சர்வர் நடத்துபவர்தான் முடிவு செய்கிறார். வேண்டிய பதிவு கிடைத்தால் தலைப்புப் பகுதியோடு அன்றே சேமித்துவிடுங்கள்.