ஃபைபர் நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் போட்டும் இன்டர்ஃபேஸ் வரவில்லையே, ஏன்?

பாவித்த 10 கிகாபிட் ஃபைபர் கார்ட் ஒன்றை வாங்கி லினக்ஸ் சேர்வரில் போட்டதாகவும், டிரைவரை மூன்று தடவை பதிவிறக்கிப் பார்த்தும் இன்டர்ஃபேஸ் (அதாவது, அந்தக் கார்டின் போர்ட்டுக்கு லினக்ஸ் பட்டியலில் வரும் பெயர்) தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பிழை கார்டிலா டிரைவரிலா என்பது உங்கள் கேள்வி. இரண்டிலும் இல்லாமல் இருக்கலாம். தயவுசெய்து நான்காவது தடவை பதிவிறக்க வேண்டாம். தான் ஏன் நின்றது என்று டிரைவர் ஏற்கெனவே சேர்வரின் பதிவில் எழுதி வைத்திருக்கும். முதலில் அதை வாசியுங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகத்தின் கொம்பியூட்டர்களை நான்தான் பார்க்கிறேன். வடிவமைப்புப் பகுதி முன்கட்டடத்தில், மெஷின்கள் பின்வளவில். இடையில் செப்புக் கேபிள் ஓடியது. சித்திரையிலும் ஐப்பசியிலும் கொழும்பில் பின்னேர இடி எப்படி விழும் என்று தெரியும்தானே. ஒரே வருடத்தில் இரண்டு தடவை சுவிட்சின் போர்ட்கள் எரிந்தன. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது என்பதால், உலோகக் கவசம் இல்லாத ஃபைபர் கேபிளை இழுப்போம் என்று முதலாளியிடம் சொன்னேன். இன்னொரு காரணமும் இருந்தது. 4 ஜிபி அச்சுக் கோப்பு ஒன்று 1 கிகாபிட் கேபிளில் போய்ச்சேர அரை நிமிடத்துக்கு மேல் எடுக்கும். ஒரு நாளில் அப்படி எத்தனை கோப்பு!

கார்டை பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் வாங்கினேன். இன்டெல் 82599 சிப், இரண்டு போர்ட். கடைக்காரர் நேர்மையான மனிதர். என் கண்முன்னே போட்டுக் காட்டினார். இரண்டு முனையிலும் மொடியூல் ஒட்டியே வரும் குட்டைச் செப்புக் கேபிள் ஒன்றால் இரண்டு போர்ட்டையும் இணைத்தார், இரண்டிலும் விளக்கு எரிந்தது. ஒளி மொடியூல்களை, அதாவது கார்டின் போர்ட்டில் செருகி ஃபைபரை மாட்டும் குட்டித் துண்டுகளை, வேறோர் இடத்தில் வாங்கிக்கொண்டு, போயா விடுமுறையன்று அச்சகத்தில் யாரும் இல்லாத நேரம் பூட்டினேன். ஒன்றும் வரவில்லை.

முதலாளி பக்கத்தில் வந்து நின்று, "என்ன தம்பி, கார்ட் செத்துப்போச்சோ?" என்றார்.

"இல்ல முதலாளி, கார்ட் தெரியுது. டிரைவர்தான் ஏத்துக்கொள்ளுதில்ல."

இந்த இடத்தில் டிரைவர் என்ன வேலை செய்கிறது என்று விளங்கினால் மற்றதெல்லாம் லேசு. மதர்போர்டில் செருகும் ஒவ்வொரு பிசிஐ கார்டும் தன் அடையாள எண்ணைச் சொல்லும். என்னுடையது 8086, 10எஃப்பி. அந்த எண்ணுக்குப் பொருத்தமான டிரைவரைக் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) தேடி எடுத்து, "இதைப் பொறுப்பெடு" என்று கொடுக்கும். இந்தச் சிப்புக்கான ஐஎக்ஸ்ஜிபிஇ டிரைவர் பல வருடமாகக் கர்னலுடனேயே வருகிறது, தேடிப் பதிவிறக்கத் தேவையே இல்லை. டிரைவர் கார்டின் பதிவேடுகளை (கார்டை இயக்கும் சிறு கட்டுப்பாட்டு இடங்களை) நினைவக முகவரிகளில் இணைத்துக்கொள்ளும், தரவுப் பொதிகள் வந்து விழுவதற்கு வட்டமாக ஒரு வரிசையை நினைவகத்தில் ஒதுக்கும் (வழக்கமாக 512 இடம்), கார்ட் சிபியுவைக் கேட்காமல் நேரே அங்கே எழுதும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்தது. 10 கிகாபிட் வேகத்தில் மிகச் சிறிய பொதிகள் வந்தால், செக்கனுக்கு ஏறக்குறைய 1 கோடியே 48 லட்சம். ஒன்றுக்கு 67 நனோசெக்கன்தான் கிடைக்கும். ஒவ்வொரு பொதிக்கும் கார்ட் சிபியுவின் கதவு மணியை அடித்தால், சிபியு கதவு திறப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. அதனால் முதல் மணியுடன் டிரைவர் அந்த மணியை நிறுத்திவிட்டு, தானே வரிசைக்குப் போய் ஒரு தடவைக்கு 64 பொதி வரை அள்ளிக்கொண்டு வரும். வரிசை வெறுமையானதும் மணியைத் திரும்பப் போட்டுவிடும். இதை எழுதியவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மரியாதை வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதையெல்லாம் தொடங்கும்போதே டிரைவர் இன்னொன்றையும் பார்க்கும். போர்ட்டில் செருகியிருக்கும் ஒளி மொடியூலுக்குள் குட்டி நினைவகம் ஒன்று இருக்கிறது. யார் செய்தது, எந்த வகை, எவ்வளவு தூரம் போகும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்த டிரைவர் அதை வாசித்து, கார்டைச் செய்தவர்கள் சோதித்த மொடியூல் இல்லையென்றால் ஏற்காமல் நின்றுவிடும். செப்புக் கேபிள் என்றால் யார் செய்தது என்று பார்க்காது. கடையில் விளக்கு எரிந்ததும் அச்சகத்தில் எரியாததும் இதனால்தான். கார்டிலோ கடைக்காரரிலோ ஒரு பிழையும் இல்லை.

கர்னல் பதிவில், அதாவது டிமெசேஜ் கட்டளை காட்டும் வரிகளில், தெளிவாக எழுதியிருந்தது: ஆதரவில்லாத எஸ்எஃப்பி பிளஸ் (இந்த ஒளி மொடியூல் வகையின் பெயர்) மொடியூல் இருப்பதால் டிரைவரை ஏற்ற முடியவில்லை, ஆதரவுள்ள மொடியூலைப் போட்டுவிட்டு மீண்டும் ஏற்றவும். ஏற்றாமல் நிற்பதால்தான் இன்டர்ஃபேஸ் பட்டியலில் பெயர்கூட வராது. பெயர் இல்லாததைப் பார்த்து டிரைவரே இல்லை என்று நாம் நினைத்துவிடுகிறோம்.

உறுதிப்படுத்த இலகுவான வழி: மொடியூலைக் கழற்றிவிட்டு டிரைவரைக் கர்னலிலிருந்து நீக்கி மறுபடி ஏற்றுங்கள். வெறும் போர்ட்டுடன் இன்டர்ஃபேஸ் வந்தால், காரணம் மொடியூல்தான்.

தீர்வு இரண்டு. கார்டுக்கு ஒத்த மொடியூலை வாங்கலாம். வங்கி, மருத்துவமனை போன்ற இடமென்றால் அதைத்தான் செய்யச் சொல்வேன். அல்லது டிரைவருக்கு 'அலவ் அன்சப்போர்ட்டட் எஸ்எஃப்பி' (ஆதரவில்லாத மொடியூலையும் அனுமதி) என்ற அளபுருவை, அதாவது அமைப்பு மதிப்பை, 1 என்று கொடுக்கலாம். நான் இரண்டாவதைச் செய்தேன். உடனே இரண்டு இன்டர்ஃபேஸும் வந்தன, சோதிக்கப்படாத மொடியூல் என்ற எச்சரிக்கை வரி மட்டும் பதிவில் விழுந்தது. உற்பத்தியாளரின் தளத்திலிருந்து பதிவிறக்கும் தனி டிரைவரில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு 1 என்று கமா போட்டுக் கொடுக்க வேண்டும். கர்னலோடு வருவதில் ஒரு 1 போதும். அந்தத் தனி டிரைவர், கர்னல் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் மறுபடி கட்டப்பட வேண்டியது. அது இல்லாமல் இருப்பதே நல்லது.

அப்புறம் ஒரு விஷயம், இதில் எனக்கு ஒரு காலை வீணாகியது. டிரைவர்களை ஏற்றும் மோட்ப்ரோப் கட்டளையின் அமைப்புக் கோப்பில் அளபுருவை எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் கரண்ட் போய் வந்தது, சேர்வர் எழும்பியது, இன்டர்ஃபேஸ் மறுபடி காணவில்லை. சேர்வர் எழும்பும்போது முதலில் வாசிக்கும் ஆரம்ப ராம் டிஸ்க் என்ற சிறு கோப்புத் தொகுப்பிலிருந்தே டிரைவர் ஏறிவிடுகிறது. அதற்குள் இருந்தது பழைய அமைப்பு. உபுண்டு, டெபியனில் 'அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ்' கட்டளையை ஓடவிட்டு அதைப் புதுப்பித்தால்தான் மாற்றம் நிலைக்கும்.

இன்டர்ஃபேஸ் வந்த பிறகும் இணைப்பு எழும்பாவிட்டால், ஈதிடூல் கட்டளையை எம் தெரிவுடன் ஓடவிடுங்கள். மொடியூல் அனுப்பும் ஒளியும் பெறும் ஒளியும் டிபிஎம் என்ற ஒளி வலு அளவில் தெரியும். என் பின்கட்டடத்து முனையில் பெறும் ஒளி மைனஸ் 40, அதாவது வெளிச்சமே இல்லை. பாச் கோட்டின் (மொடியூலில் செருகும் குட்டை ஃபைபர் வயரின்) இரண்டு இழையையும் மாற்றிச் செருகியிருந்தேன். திருப்பிப் போட்டதும் மைனஸ் 3 சொச்சத்துக்கு வந்தது. வெளிச்சம் வருகிறதா என்று இழையின் முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும்.

உங்கள் கர்னல் பதிவில் நான் சொன்ன வரி இல்லாமல் வேறேதும் இருந்தால், ஒரு எழுத்தும் விடாமல் அப்படியே எழுதுங்கள். கார்டின் அடையாள எண்ணையும் சேர்த்து எழுதினால் பார்த்துச் சொல்கிறேன்.