அழகான எண்ணில் தொடங்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

ஸ்டூவர்ட் மேடையின் (நீளம் மாறும் ஆறு கால்கள் தாங்கும் தட்டு) ஆறு கால் நீளங்களைக் கொடுத்து, மேல்தட்டு எந்தெந்த நிலைகளில் நிற்கும் என்று கணக்கிடுகிறேன். நீளங்களை மாற்றி மாற்றி 1000 கணக்குகள். விடை தெரிந்த ஒரு சமன்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, விடைகள் நகரும் பாதைகளைத் தொடர்ந்து போகும் முறை இது. ஒவ்வொன்றுக்கும் 128 பாதைகளை ஓட்டினால் நேரம் போதவில்லை. எல்லாக் கால்களும் சமமாக உள்ள நிலையைத் தீர்த்து, அங்கிருந்து மற்றவற்றுக்குப் போனேன். பல பாதைகள் நடுவில் அறுந்துவிடுகின்றன. வேகமான கணினி வாங்கலாமா? மென்பொருளில் எது நல்லது, பெர்தினியா (Bertini), ஜூலியாவா (Julia)? என் தமிழில் பிழை இருந்தால் மன்னியுங்கள்.

வாசகர், ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அன்புள்ள தம்பி,

உங்கள் தமிழ் நன்றாகவே இருக்கிறது, மன்னிப்பெல்லாம் வேண்டாம். கணினியும் வேண்டாம். மென்பொருள் இரண்டில் எதுவானாலும் சரி.

சில நாட்களாக மனதில் ஓடிக்கொண்டிருந்ததை உங்கள் கடிதம் கிளறிவிட்டது. சமமான கால்களில் ஏன் தொடங்கினீர்கள்? பார்க்க ஒழுங்காக இருக்கிறது என்றுதானே? அந்த ஒழுங்குதான் கெடுக்கிறது.

x² = p என்பதையே பாருங்கள். p-ஐ 1-இலிருந்து −1-க்கு மெய்யெண் கோட்டிலேயே கொண்டுபோனால் 0-ஐத் தாண்டியாக வேண்டும். அங்கே இரண்டு விடைகளும் மோதிக்கொள்ளும். வகைக்கெழு 2x பூஜ்யமாகி, நியூட்டன் திருத்தம் (வகைக்கெழுவால் வகுத்து விடையைச் சரிசெய்யும் படி) நின்றுபோகும். கலப்பெண் தளத்தில் வளைத்துக் கொண்டுபோங்கள்: விடைகள் மோதாமல் i, −i-இல் போய்ச் சேரும். கரும்பு வரிசைக்குள் நடப்பவனைக் கற்குவியல் மறித்துவிடும்; வெட்டு முடிந்த வயலில் சுற்றிப் போகலாம்.

ஆகவே நீளங்களின் வர்க்கங்களைப் பராமீட்டராக (மேலே p போல, நாம் மாற்றும் எண்ணாக) வைத்து, ஆறுக்கும் குருட்டாம்போக்கில் எடுத்த கலப்பெண்களைப் போடுங்கள், கற்பனைப் பகுதியும் பூஜ்யமல்லாமல். அந்தக் கால்களை எந்தப் பட்டறையிலும் செய்ய முடியாது, கவலை வேண்டாம். 128 பாதைகளையும் அங்கே ஒரே ஒருமுறை ஓட்டுங்கள். பொதுவான மேடைக்கு 40 விடைகள் மிஞ்சும். உங்கள் மேடை சமச்சீரானால் குறையலாம். சரிபார்க்க, குருட்டாம்போக்கில் எடுத்த வேறு எண்களோடு இன்னொரு முறை ஓட்டி, அதே எண்ணிக்கை வருகிறதா என்று பாருங்கள். பிறகு 1000 கணக்குகளுக்கும் அந்த 40-இலிருந்தே நேர்கோட்டில் போங்கள்: சரிபார்ப்பு ஓட்டத்தை விட்டுவிட்டால், 1,28,000 பாதைகள் 40,128 ஆகும்.

அப்போதும் சில அறுந்தால், தொடக்கப் புள்ளியை மாற்றி அந்தக் கணக்குகளை மட்டும் திரும்ப ஓட்டுங்கள். இரண்டு பாதைகள் ஒரே விடையில் முடிந்தால், ஒன்று மற்றொன்றின் மேல் தாவியிருக்கலாம். பிழை வரம்பை இறுக்குங்கள். கெழுக்கள் மெய்யெண்களானால் கலப்பு விடைகள் இணை இணையாகத்தான் வரும். 40-இல் மெய் விடைகள் 7 என்று வந்தால், மீதி 33 இணைகளாகப் பிரியாது; எங்கோ தப்பு நடந்திருக்கிறது.

தொடக்க எண்களை ஆறு இலக்கத்தில் வெட்டிச் சேமிக்காதீர்கள். சேமித்த விடைகள் அந்தச் சமன்பாட்டையே நிறைவு செய்யாமல் போகும். திரும்ப எழுதும்போது அவற்றை எல்லா இலக்கங்களோடும் அனுப்புங்கள்.