தலைகீழ் ஃபோர்க் மாற்றலாமா? லேத்துக்குப் போகும் முன் ஒரு கணக்கு

கேள்வி: என் பழைய பைக்கில் இருப்பது 37 மி.மீ. ஃபோர்க். பிரேக் பிடித்தால் முன்பக்கம் அமுங்குகிறது, வளைவில் ஆட்டம் காட்டுகிறது. அடிபட்ட ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்றின் 43 மி.மீ. தலைகீழ் ஃபோர்க் (தடித்த குழாய் மேலே, மெல்லியது கீழே), கிளாம்ப் (ஃபோர்க்கைப் பிடிக்கும் பாகம்), சக்கரம், பிரேக்கோடு கிடைத்திருக்கிறது. என்னுடையதைவிட 40 மி.மீ. குட்டை. பழையதில் ஆஃப்செட் (ஸ்டியரிங் அச்சிலிருந்து ஃபோர்க் முன்னே தள்ளியிருக்கும் தூரம்) 45, டயர் 100/90-18. புதியதில் 30, 120/70-17. என் பைக்கின் ஸ்டியரிங் சாய்வு 27 டிகிரி, வீல்பேஸ் 1450 மி.மீ. கிளாம்ப்பையே புதிதாகக் கடைந்து தருகிறேன் என்கிறார் டர்னர். சரிவருமா?

பதில்: அமுங்குவது மட்டும்தான் குறை என்றால் லேத் பக்கமே போக வேண்டாம். உங்கள் எடைக்கேற்ற ஸ்பிரிங், புது ஆயில், டேம்பர் ராடின் மேல் உட்காரும் எமுலேட்டர் (ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு), இவற்றிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனால் வளைவில் ஆட்டம் என்றும் சொல்கிறீர்கள். கோன் செட் (ஸ்டியரிங் பேரிங்), டயர், சக்கர பேரிங் எல்லாம் நன்றாக இருந்தும் அந்த ஆட்டம் போகவில்லையென்றால் தடித்த ஃபோர்க் கைகொடுக்கும். 43 என்பது கீழே தெரியும் குரோம் குழாயின் அளவுதான். கிளாம்ப் பிடிப்பது அதைவிடப் பருமனான மேல் குழாயை.

இனி கணக்கு. சக்கர ஆரத்தைச் சாய்வின் சைனால் பெருக்கி, ஆஃப்செட்டைக் கழித்து, சாய்வின் கொசைனால் வகுத்தால் டிரெயில் வரும். ஸ்டியரிங் அச்சை நீட்டினால் தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் டிரெயில்; கூடினால் ஹேண்டில் கனக்கும், குறைந்தால் சுறுசுறுப்பாகும். உங்கள் பைக்கில் இப்போது சுமார் 112 மி.மீ. புதிய சக்கரத்தையும் 30 ஆஃப்செட்டையும் போட்டு, சாய்வை 27 என்றே வைத்துக்கொண்டால் 119 வரும். பலரும் இதோடு நிறுத்திவிட்டு, "ஹேண்டில் கனமாகிவிடும், ஆஃப்செட்டைக் கூட்டி கிளாம்ப் கடைவோம்" என்று கிளம்புகிறார்கள். அங்கேதான் தவறு. ஃபோர்க் குட்டை, சக்கரமும் சின்னது. பைக்கின் மூக்கு சுமார் 54 மி.மீ. இறங்கும். சாய்வு 27-லிருந்து 25 டிகிரிக்கு அருகில் வந்துவிடும். அந்தச் சாய்வில் டிரெயில் 106. பழையதைவிட 6 மி.மீ. குறைவு, அவ்வளவுதான். ஹேண்டில் கொஞ்சம் சுறுசுறுப்பாகும். இதன்மேல் ஆஃப்செட்டையும் 45 ஆக்கியிருந்தால் டிரெயில் 90-க்குக் கீழே போயிருக்கும்.

அதனால் புது கிளாம்ப் வேண்டாம். ஃபோர்க்கோடு வந்த கிளாம்ப்பையே வையுங்கள், ஸ்டெம்மை (கிளாம்ப்பை ஃப்ரேமோடு சேர்க்கும் நடுத்தண்டை) மட்டும் கடையுங்கள். அதற்கும் முன்னால் பேரிங் கேட்லாக்கை ஒருமுறை புரட்டுங்கள். உங்கள் ஃப்ரேமில் கீழ் பேரிங் உட்காரும் குழி 55 மி.மீ., வந்திருக்கும் ஸ்டெம் 30 மி.மீ. என்றால் 32006 எண் டேப்பர் ரோலர் பேரிங் அப்படியே உட்காரும். மேல் பேரிங்குக்கும் இப்படி ஒன்று கிடைத்து, ஸ்டெம்மின் நீளமும் ஒத்துவந்தால் கடைசல் வேலையே இல்லை.

கடையத்தான் வேண்டும் என்றால் டர்னரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். சாதா மைல்டு ஸ்டீல் கூடாது, இஎன்24 போன்ற அலாய் ஸ்டீல் வேண்டும். விட்டம் மாறும் இடங்களில் கூர்மூலை விடக்கூடாது, ஆரம் கொடுத்து வளைக்க வேண்டும். விரிசல் தொடங்குவது அந்த மூலையில்தான். கிளாம்ப் துளையைவிட ஸ்டெம் 0.03 முதல் 0.05 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். சுத்தியலால் அடித்து இறக்க வேண்டாம். அலுமினியம் கிளாம்ப்பை ஓவனில் வைத்து அதன் சூட்டை 100 டிகிரி கூட்டினால் 30 மி.மீ. துளை ஏறக்குறைய 0.07 மி.மீ. விரியும்; ஃப்ரீசரில் கிடந்த ஸ்டெம் அதில் வழுக்கிக்கொண்டு இறங்கும். கேஸ் டார்ச் மட்டும் வேண்டாம், ஒரே இடத்தில் சூடு ஏறினால் அலுமினியத்தின் வலு போய்விடும். அப்புறம், ஸ்டெம்மின் அடியில் ஒரு ஃபிளேஞ்ச் (அகன்ற விளிம்பு) விடச் சொல்லுங்கள். முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பும்போது அதன் எடை முழுவதும் கிளாம்ப்பைக் கீழே இழுக்கும். வெறும் இறுக்கத்தை நம்பி நான் ஓட்டமாட்டேன்.

அடிபட்ட வண்டியின் ஃபோர்க் என்பதுதான் எனக்கு உறுத்தல். குரோம் குழாய்களைக் கழற்றி வி-பிளாக்கில் (வி வடிவத் தாங்கியில்) உருட்டி டயல் கேஜில் பாருங்கள். 0.2 மி.மீ.க்கு மேல் முள் ஆடினால் அந்தக் குழாயை ஒதுக்குங்கள். பிறகு நேரான மேல் குழாய்கள் இரண்டையும் கிளாம்ப்பில் மாட்டி, அவற்றின் மேல் ஒரு தட்டையான கண்ணாடியைக் குறுக்கே வையுங்கள். ஒரு மூலையை விரலால் அழுத்தும்போது எதிர்மூலை 'டக்' என்று எழும்பினால் கிளாம்ப் முறுக்கியிருக்கிறது. அதை நிமிர்த்திப் போடாதீர்கள், வேறு தேடுங்கள்.

மாட்டியதும் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஃபோர்க்கை அடிவரை அமுக்கிப் பாருங்கள். டயர் சைலன்சர் குழாயையோ கீழ்க் கிளாம்ப்பையோ தொடக்கூடாது. ஹேண்டிலை இருபுறமும் முழுக்கத் திருப்பினால் குழாய் டேங்க்கில் இடிக்கலாம், ஸ்டியரிங் ஸ்டாப்பரை முதலில் சரிசெய்யுங்கள். பிரேக்குக்கு அந்த வண்டியின் மாஸ்டர் சிலிண்டரையே வாங்குங்கள், பழையது இந்தக் காலிப்பருக்குப் பொருந்தாமல் போகலாம். சைடு ஸ்டாண்டையும் குட்டையாக்க வேண்டிவரும், இல்லையென்றால் மூக்கு இறங்கிய பைக் நிறுத்தும்போது மறுபக்கம் சாயப் பார்க்கும்.