மனநல ஆய்வுக்கு இசைவுக் கடிதம் கொடுப்பதற்கு முன்

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு ஒன்றில் செயலாளராக இருக்கிறேன். ஒரு பல்கலைக்கழகம் எங்கள் ஊர்களில் 400 வீடுகளில் மனநல ஆய்வு நடத்த விரும்புகிறது. எங்கள் கூட்டமைப்பையும் ஆய்வில் பங்குதாரராகச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லி, இந்த மாத இறுதிக்குள் இசைவுக் கடிதம் கேட்கிறார்கள். இதற்கு முன் வந்த ஆய்வுக் குழுவினர் கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போனதோடு சரி. முடிவு என்னவென்று ஒருவரும் வந்து சொல்லவில்லை. மறுத்துவிடலாமா? ஒப்புக்கொண்டால் என்ன நிபந்தனைகள் வைப்பது?

பதில்: மறுக்க வேண்டாம், ஆனால் அவர்கள் எழுதித் தரும் வாசகத்திலேயே கையெழுத்திட்டுக் கொடுக்கவும் வேண்டாம். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015–16ஆம் ஆண்டில் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனநலச் சிக்கல் உள்ளவர்களில் நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறாமலே இருந்தார்கள். இத்தகைய பெரிய ஆய்வுகளில் உப்பளத் தொழிலாளர்களின் நிலை தனியாகத் தெரிய வழியில்லை. உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் மாதம் ஒருமுறையாவது மனநல மருத்துவர் வர வேண்டும் என்று நீங்கள் நாளை கோரிக்கை வைக்கும்போது, கையில் எண்கள் இருப்பது உதவும். அதே சமயம், நிதி வழங்கும் அமைப்புகள் பலவும் இன்று சமூகப் பங்கேற்புக்கு ஆதாரம் கேட்பதால், அந்தக் கடிதம் ஆய்வாளர்களுக்கு மிகவும் தேவைப்படுகிறது. கையெழுத்திடும் வரைதான் உங்கள் பேச்சுக்கு எடை. கேட்க வேண்டியதையெல்லாம் அதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பங்கேற்பு என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது வீடுகளை அடையாளம் காட்டுவதும், ஆட்களைத் திரட்டுவதும், கூட்டத்துக்குத் தேநீர் ஏற்பாடு செய்வதும்தான். இதைத் தாண்டிச் செய்ய முடியும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடந்த 'கம்யூனிட்டி பார்ட்னர்ஸ் இன் கேர்' ஆய்வைச் சொல்வேன். அங்கே தெற்கு லாஸ் ஏஞ்சலஸ், ஹாலிவுட்–மெட்ரோ ஆகிய பகுதிகளில் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு உதவ, மருத்துவமனைகளோடு தேவாலயங்கள், பூங்காக்கள், வீடற்றோருக்கான சேவை அமைப்புகள், முடிதிருத்தகங்கள் போன்றவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு பிரிவிலிருந்த அமைப்புகளுக்குப் பயிற்சியும் கையேடுகளும் மட்டும் வழங்கப்பட்டன. மற்றொரு பிரிவிலிருந்த அமைப்புகள் பல மாதங்கள் ஒன்றாக உட்கார்ந்து, அந்தப் பயிற்சியை எப்படி நடத்துவது, யார் எந்தப் பொறுப்பை ஏற்பது என்று தாங்களே திட்டமிட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற இந்த ஆய்வின் முடிவு 2013இல் வெளியானது. ஆறு மாதங்களுக்குப் பிறகு, கூடித் திட்டமிட்ட பிரிவில் மனநலம் சார்ந்த வாழ்க்கைத் தரம் கூடியிருந்தது. மனநலக் காரணங்களுக்காக மருத்துவமனையில் சேர்வது குறைந்திருந்தது. ஓராண்டு முடிவில் இந்த வேறுபாடு அவ்வளவு உறுதியாகத் தென்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும், இருபிரிவினருக்கும் ஒரே கையேடுகளே அடிப்படையாக இருந்த நிலையில், கூடித் திட்டமிட்ட பிரிவில் பலன் கூடியது என்பது சாதாரணச் செய்தி அன்று.

உங்கள் ஆய்வில் முதலில் நீங்கள் கைவைக்க வேண்டிய இடம் வினாப்பட்டியல். மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் பிஎச்கியூ-9 என்ற பட்டியலில் ஒன்பது கேள்விகள் உள்ளன. கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாள் இருந்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் தருவார்கள். மொத்தம் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேலும் பரிசோதிக்க வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. அவற்றில் மூன்று கேள்விகள் தூக்கம், களைப்பு, பசி ஆகியவற்றைப் பற்றியவை. வெயில் ஏறுமுன் வேலையை முடிப்பதற்காக விடியுமுன்பே அளத்துக்குப் போய் உப்பு வாரும் பெண்ணிடம் தூக்கக் குறைவையும் உடற்சோர்வையும் பற்றிக் கேட்டால், அவர் சொல்லும் பதிலில் மனச்சோர்வு எவ்வளவு, வேலையின் சுமை எவ்வளவு என்று மதிப்பெண்ணை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. கணக்கெடுக்கும் காலமும் அப்படித்தான். அளங்களில் வேலை மும்முரமாக நடக்கும் கோடையில் எடுக்கும் கணக்கும், வடகிழக்குப் பருவமழையில் வேலை நின்று, வாங்கிய முன்பணமும் வட்டியும் நெருக்கும் மாதங்களில் எடுக்கும் கணக்கும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இதைப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களைவிட உங்கள் உறுப்பினர்கள் நன்றாக அறிவார்கள். ஆகவே, வினாப்பட்டியலை முன்கூட்டியே பத்துப் பதினைந்து தொழிலாளர்களிடம் வாசித்துக் காட்டி, ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று கேட்டறிய வேண்டும் என்றும், ஆய்வை இரு பருவங்களிலும் நடத்த வேண்டும் என்றும், கடன், வேலை நேரம், குடும்ப வன்முறை ஆகியவை பற்றிய கேள்விகளைச் சேர்க்க வேண்டும் என்றும் எழுத்தில் கேளுங்கள்.

அதே பட்டியலின் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைத் தானே வருத்திக்கொள்ள வேண்டும் என்றோ நினைத்ததுண்டா என்பது. அதற்கு 'ஆம்' என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே என்ன செய்யப்படும்? இதற்கு முதன்மை ஆய்வாளர் தெளிவான பதில் தராவிட்டால் மேற்கொண்டு பேசவே தேவையில்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணை (அரசின் மனநல உதவித் தொலைபேசி எண்) அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்துவிட்டு நகர்வது போதாது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவருடன் முன்கூட்டியே எழுத்துப்பூர்வ ஏற்பாடு இருக்க வேண்டும். அரசு மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால், அந்தச் செலவும் ஆய்வின் நிதியிலேயே சேர்க்கப்பட வேண்டும். கோவாவில் நடந்து 2010இல் வெளியான மானஸ் ஆய்வில், முறையான பயிற்சியும் மேற்பார்வையும் பெற்ற, மருத்துவர் அல்லாத உள்ளூர் ஆலோசகர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்கள் குணமடைய உதவினார்கள். கூட்டமைப்பைச் சேர்ந்த சிலருக்கு அத்தகைய பயிற்சி தரும்படி கேட்பது மிகையான கோரிக்கை அன்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, பங்கேற்பவர்கள் செலவிடும் நேரத்துக்கும் பயணத்துக்கும் ஈடு தரலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் பெறும்போது சார்பற்ற ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 99ஆம் பிரிவில், மனநோய் உள்ளவரை நேர்காணல் மட்டுமே செய்வதாக இருந்தாலும் அவருடைய சுதந்திரமான ஒப்புதல் தேவை என்கிறது. அதாவது, கூட்டமைப்பு கொடுக்கும் கடிதம் தனிநபர் ஒப்புதலுக்கு ஈடாகாது. "உங்கள் செயலாளரே சம்மதித்துவிட்டார்" என்று வீடுகளில் சொல்லக் கூடாது என்பதையும் ஒரு நிபந்தனையாக எழுதுங்கள்.

கேட்பதற்குச் சற்று சங்கடமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கூட்டமைப்பு வேறு, ஊர் வேறு. குழுவில் சேர முடியாத அளவுக்கு வறுமையில் இருப்பவர்கள், கைம்பெண்கள், குடிப்பழக்கத்தில் சிக்கிய ஆண்கள், வீட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கும் தீவிர மனநோயாளிகள் ஆகியோர் உங்கள் உறுப்பினர் பதிவேட்டில் இருக்க மாட்டார்கள். வீடுகளின் பட்டியலை நீங்கள் மட்டுமே தயாரித்தால், மிகவும் தேவைப்படுபவர்களே விடுபட்டுப் போகலாம். உள்ளூர்ப் பெண்களைக் களப்பணியாளர்களாக அமர்த்தச் சொல்வது நல்லதுதான். ஆனால் கணவனின் குடியைப் பற்றியும் தற்கொலை எண்ணத்தைப் பற்றியும் அடுத்த வீட்டுப் பெண் கேட்டால் யார் வாய் திறப்பார்கள்? ஒரு ஊர்ப் பெண்கள் பக்கத்து ஊரில் கணக்கெடுக்கும்படி மாற்றி அமர்த்துவது இதற்கு நல்ல வழி. அள முதலாளியோ கங்காணியோ நேர்காணல் நடக்கும் இடத்தில் இருக்கக் கூடாது. தொகுத்த விவரம் எதுவும் பெயரோடு அவர்களிடம் போகவும் கூடாது.

இனி நடைமுறைக்கு வருவோம். ஆய்வுத் திட்டத்தின் தமிழ்ச் சுருக்கம், செலவுத் திட்டத்தின் நகல், நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். நெறிமுறை அனுமதி இன்னும் வரவில்லை என்றால் அது குறையன்று, நல்வாய்ப்பு. திட்டத்தை அதுவரை திருத்திக்கொள்ளலாம். தொழிலாளர்கள் வேலை முடிந்து ஓய்ந்திருக்கும் மாலை நேரத்தில் ஊர்க்கூட்டம் வைத்து, ஆய்வாளர்களையே வந்து பேசச் சொல்லுங்கள். முடிவுகளை இதழில் வெளியிடுவதற்கு முன் தமிழில் ஊரில் வாசித்துக் காட்ட வேண்டும், ஊர்ப் பெயர்களை வெளியிடுவதா மறைப்பதா என்பதை ஊரே தீர்மானிக்க வேண்டும், தொகுப்பு அறிக்கையின் நகலை மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கும் உரிமை கூட்டமைப்புக்கு இருக்க வேண்டும் என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். செலவுத் திட்டம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்று அவர்கள் சொன்னால், வினாப்பட்டியலிலும் கால அட்டவணையிலும் முடிவுகளைப் பகிர்வதிலும் பேசி மாற்றிக்கொள்ள இன்னும் இடமிருக்கும். சிகிச்சைக்கான ஏற்பாட்டில் மட்டும் பேரம் வேண்டாம். அது எழுத்தில் வராதவரை, மாத இறுதி கடந்துபோனாலும் கடிதம் உங்களிடமே இருக்கட்டும்.